ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டை மனப்பாடம் செய்யாதீர்கள்

மெடிக்கல் கோடிங் வகுப்பில் தசை மண்டலம் நடத்தும் வாரத்தில்தான் வருகிறவர்கள் எண்ணிக்கை குறையும். இதயம், சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் பள்ளியிலேயே பழகியவை. தசை என்று வந்துவிட்டால் அறுநூறுக்கும் மேல் இருக்கிறது. பெயர்கள் லத்தீனிலும் கிரேக்கத்திலும் நீளமாகக் கிடக்கின்றன. "அக்கா, இதையெல்லாம் மனப்பாடம் பண்ணியே ஆகணுமா?" என்று யாராவது கேட்காமல் அந்த வாரம் கழிந்ததே இல்லை.

நான் பெரம்பலூர் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் வழி. திருச்சியில் விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரையும் போல சென்னைக்கு வந்து கோடிங்கில் சேர்ந்தேன். இப்போது ஆடிட் பார்க்கிறேன், அதாவது மற்ற கோடர்கள் செய்த வேலையைச் சரிபார்க்கிறேன்; புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியும் தருகிறேன். இந்த வேலையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டர் எழுதிய அல்லது பேசிப் பதிவுசெய்த குறிப்பு எங்களுக்கு வரும். அதை சார்ட் என்போம். அதைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10 எண்ணும் செய்த சிகிச்சைக்கு சிபிடி எண்ணும் போட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருவதும் மறுப்பதும் அந்த எண்களை வைத்துத்தான். ஆகவே ஒரு தசையின் பெயரை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டால், முகம் தெரியாத ஒரு நோயாளியின் வீட்டுக்குத் தப்பான பில் போய்ச் சேரும். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். மனப்பாடம் வேண்டாம். பெயரைப் பிரி, தமிழில் சொல், உன் உடம்பில் அந்த இடத்தைத் தொடு. மூன்றையும் செய்தால் பெயர் தானாக நிற்கும். நர்ஸிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் படிக்கிறவர்களுக்கும் இது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோரையும் முதலில் மிரட்டும் பெயரையே எடுத்துக்கொள்வோம்: ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட். ஸ்டெர்னோ என்றால் மார்பெலும்பு. க்ளைடோ என்றால் காறை எலும்பு. மாஸ்டாய்ட் என்பது காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் தட்டுப்படும் எலும்பு முண்டு. இப்போது தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு கழுத்தின் வலது பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பின் மேல்முனை வரை ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். அதுதான். வலது தசை சுருங்கினால் முகம் இடப்பக்கம் திரும்பும் என்பதையும் அதே நேரத்தில் கை கற்றுக்கொண்டுவிடுகிறது.

இதில் இன்னொரு வழக்கமும் ஒளிந்திருக்கிறது. இப்படி எலும்புகளின் பெயரைக் கோத்து வைத்த தசைகளில் அசையாமல் நிற்கும் முனை முதலில் வரும், இழுபடும் முனை கடைசியில் வரும். மார்பெலும்பும் காறை எலும்பும் நிற்கின்றன, தலை திரும்புகிறது. பிராக்கியோரேடியாலிஸ் என்றாலும் இப்படித்தான்: மேல்கையில் தொடங்கி முன்கையின் ரேடியஸ் எலும்பில் முடிகிறது. பெயரை வைத்தே எது எதை இழுக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முன்கைத் தசைகளின் பெயர்கள் முழு வாக்கியமாகவே இருக்கும். எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்பதைப் பாருங்கள். எக்ஸ்டென்சர் என்றால் நீட்டுவது. கார்பி என்றால் மணிக்கட்டை. ரேடியாலிஸ் என்றால் ரேடியஸ் எலும்பு இருக்கும் பக்கத்தில், அதாவது கட்டைவிரல் பக்கத்தில். பிரெவிஸ் என்றால் குட்டை. கட்டைவிரல் பக்கமாக ஓடி மணிக்கட்டை நீட்டுகிற குட்டைத் தசை. குட்டை என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தால் பக்கத்தில் நெட்டை ஒன்று இருந்தாக வேண்டும், அது லாங்கஸ். ரேடியஸ் பக்கம் என்று தனியாகச் சொல்லியிருந்தால் சுண்டுவிரல் பக்கமும் ஒன்று இருக்கும், அது அல்னாரிஸ். ஒரு பெயரைப் பிரித்ததில் மூன்று தசைகள் கைக்கு வந்துவிட்டன. எக்ஸ்டென்சரை எடுத்துவிட்டு ஃபிளெக்சர், அதாவது மடக்குவது, என்று போட்டால் உள்ளங்கைப் பக்கத்துத் தசைகளும் கிட்டத்தட்ட அதே கணக்கில் வரும்.

டென்னிஸ் எல்போ என்ற வலியில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தக் குட்டைத் தசையின் வேர்தான். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காத, நாளெல்லாம் துணி பிழிகிற பெண்களுக்கும் இது வரும். "பேர்ல மணிக்கட்டுன்னு இருக்கு, வலி முழங்கைல இருக்கே" என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. பெயர் சொல்வது அது வேலை செய்யும் இடத்தை. அது பற்றிக்கொண்டிருக்கும் இடம் முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனை. கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கிக்கொண்டே முழங்கைப் பக்கம் தொட்டுப் பாருங்கள், சதை அசைவது தெரியும்.

வடிவத்தை வைத்து வந்த பெயர்களுக்கு அதிக நேரம் வேண்டாம். டெல்டாய்ட், கிரேக்க எழுத்து டெல்டா மாதிரி முக்கோணம். கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட இடம். ட்ரபீசியஸ், ராம்பாய்ட் இரண்டும் கணக்குப் பாடத்தில் படித்த சரிவகமும் சாய்சதுரமும். தொழிலை வைத்து வந்த பெயர்கள் எனக்குப் பிடித்தவை. சார்டோரியஸ் என்றால் தையல்காரர் தசை. அந்தக் காலத்துத் தையல்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைத்தார்கள்; அப்படிக் காலை மடக்கி வைக்க உதவுகிற, இடுப்பிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை குறுக்கே ஓடுகிற தசை இது. உடம்பிலேயே நீளமானது. பக்சினேட்டர் என்றால் எக்காளம் ஊதுகிறவர். நாதஸ்வரக்காரர் ஊதும்போது கன்னத்தைப் பார்த்தவர்களுக்கு அது எந்தத் தசை என்று சொல்லவே வேண்டியதில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இருதலைத் தசை, முத்தலைத் தசை என்று படித்தோமே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பைசெப்ஸ் என்பதற்கு இருதலை என்றுதான் அர்த்தம். ட்ரைசெப்ஸ் முத்தலை, க்வாட்ரிசெப்ஸ் நான்கு தலை. ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலருக்குச் "செப்ஸ்" என்றால் என்ன என்று தெரியாது. நமக்கு ஏழாவது, எட்டாவது படிக்கும்போதே தெரியும். இதைச் சொல்லும்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தமிழ் மீடியம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை விருப்பமாக எடுக்கிறேன்.

ஆனால் தலை எண்ணிக்கை மட்டும் போதாது. இருதலைத் தசை கையிலும் இருக்கிறது, தொடையின் பின்பக்கத்திலும் இருக்கிறது. கையில் இருப்பது பைசெப்ஸ் பிராக்கியை. தொடையில் இருப்பது பைசெப்ஸ் ஃபெமோரிஸ், ஹாம்ஸ்ட்ரிங் கூட்டத்தில் ஒன்று. சார்ட்டில் வெறுமனே "பைசெப்ஸ் டியர்", அதாவது பைசெப்ஸ் கிழிவு, என்று இருந்தால் ஜிம்முக்குப் போகிற பையன்கள் உடனே கையைத்தான் நினைப்பார்கள். நோயாளி ஓட்டப்பந்தய வீரராக இருக்கலாம். இரண்டுக்கும் ஐசிடி எண் வேறு வேறு. ரெக்டஸ் என்ற சொல்லும் இப்படித்தான்: நேரான தசை என்று பொருள், வயிற்றில் ஒன்று, தொடையில் ஒன்று, கண்ணைச் சுற்றிச் சில. டிஜிட்டி மினிமி என்றால் சின்ன விரல். கையா காலா என்று அந்தப் பெயர் சொல்லவே சொல்லாது. பாலிசிஸ் என்றால் கைக் கட்டைவிரல், ஹாலுசிஸ் என்றால் கால் கட்டைவிரல். எங்கள் டீமில் எல்லோருக்கும் நான் சொல்லும் விதி: முதல் சொல்லில் நிற்காதே, இரண்டாவது சொல்லைப் படிக்காமல் எண்ணைத் தொடாதே. இரண்டாவது சொல்லே இல்லையென்றால் பரிசோதனைக் குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் வரிகளைத் தேடு. அங்கேயும் கிடைக்கவில்லை என்றால் டாக்டருக்கு க்வெரி போடு. ஊகித்து எழுதாதே.

இரண்டாவது சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சார்ட். கழுத்து, தோள் வலிக்கு ட்ரிக்கர் பாயிண்ட் ஊசி போட்டிருந்தார்கள். இறுகிப்போன சதையில் வலி மையமிட்ட இடத்தைக் கண்டுபிடித்து நேராக அங்கேயே மருந்து செலுத்துவது இந்தச் சிகிச்சை. இதற்கு சிபிடியில் இரண்டு எண்கள். ஒன்று அல்லது இரண்டு தசை என்றால் 20552. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் 20553. எத்தனை முறை குத்தினார்கள் என்பது கணக்கே இல்லை, எத்தனை தசை என்பதுதான் கணக்கு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் இடத்துக்கு வந்தாள்.

"அக்கா, அப்பர் ட்ரபீசியஸ், மிடில் ட்ரபீசியஸ், லெவேட்டர் ஸ்கேப்புலேன்னு மூணு எழுதியிருக்காங்க. அப்ப 20553 தானே?"

"உன் கழுத்துப் பின்னாடி கை வை. அங்கேருந்து தோள் வரைக்கும் வா. அப்புறம் அப்படியே முதுகு நடு வரைக்கும் இறங்கு. எங்கேயாவது ஒரு தசை முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குதா?"

அவள் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தையும் பார்த்தாள். ட்ரபீசியஸ் மண்டை ஓட்டின் அடியில் ஆரம்பித்து முதுகின் கீழ்ப்பாதி வரை பரந்து கிடக்கும் ஒரே தசை. மேல், நடு, கீழ் என்பது அதன் நார்க் கற்றைகள். லெவேட்டர் ஸ்கேப்புலே என்பது தனி: லெவேட்டர் என்றால் தூக்குவது, ஸ்கேப்புலா என்றால் தோள்பட்டை எலும்பு. "அப்ப ரெண்டுதான் அக்கா" என்றாள். ஆமாம், 20552. அவளுக்கு எண் மறந்துபோகலாம், புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முதுகில் ஒரு கையால் தடவிக் கண்டுபிடித்தது மறக்காது.

ஆபீசுக்கு வெளியே இந்தப் படிப்பு எனக்கு உதவிய ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன். ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். தோள் வலி என்று எம்ஆர்ஐ எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட்டை வீட்டுப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறான். "கண்ணு, முதுகுத்தண்டுல ஏதோ கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்காமே, ஆபரேஷன்னா நடக்க முடியாமப் போயிருமா?" அழுகிற குரல். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டனில், அதாவது அந்தத் தசையை எலும்போடு கட்டும் நாணில், பகுதிக் கிழிவு என்று இருந்தது. "ஸ்பைன்" என்ற எழுத்துகளைப் பார்த்ததும் பையன் முதுகெலும்பு என்று நினைத்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் நினைப்பார்கள்.

"அத்தை, அது முதுகுத்தண்டு இல்ல. தோள்பட்டை எலும்புக்குப் பின்னாடி ஒரு விளிம்பு இருக்கும், அதுக்கும் ஸ்பைன்னுதான் பேரு. அந்த விளிம்புக்கு மேல இருக்கிற சின்னத் தசை. கையைப் பக்கவாட்டுல தூக்கும்போது அதுதான் முதல்ல இழுக்கும். உங்களுக்குக் கை தூக்கத்தானே கஷ்டம்?" "ஆமாண்டா, கொண்டை போடவே முடியல." என்ன செய்ய வேண்டும் என்பதை எலும்பு டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி, கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன்: எவ்வளவு கிழிந்திருக்கிறது, பயிற்சியில் சரியாகுமா, எவ்வளவு நாள் பார்க்கலாம். பெயர் தெரிந்தால் இடம் தெரியும். எவ்வளவு மோசம், என்ன வைத்தியம் என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். அந்த எல்லையை நாமும் தாண்டக் கூடாது. ஆனாலும் இடம் தெரிந்ததிலேயே அத்தைக்கு அன்றைக்குத் தூக்கம் வந்தது.

சுப்ரா என்றால் மேலே, இன்ஃப்ரா என்றால் கீழே, சப் என்றால் அடியில். ஆக சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், சப்ஸ்கேப்புலாரிஸ். கூடவே டெரிஸ் மைனர். இந்த நான்கும் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப். தோள் சம்பந்தப்பட்ட சார்ட் எது வந்தாலும் இந்த நால்வரில் ஒருவராவது இருப்பார்.

அசைவைச் சொல்லும் சொற்களில் எல்லோரும் தடுமாறுவது அப்டக்டர், அட்டக்டர் இரண்டிலும்தான். முன்னது உடம்பின் நடுக்கோட்டிலிருந்து விலக்குவது, பின்னது அதை நோக்கிச் சேர்ப்பது. நான் சொல்லித்தருவது: அப்பால் போனால் அப்டக்டர், அட்டை மாதிரி வந்து ஒட்டினால் அட்டக்டர். அமெரிக்க டாக்டர்களே டிக்டேஷனில் "ஏ-பி-டக்ஷன்", "ஏ-டி-டக்ஷன்" என்று எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள், அவ்வளவு குழப்பம். சுப்பினேட்டர் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது, விபூதி வாங்க நீட்டும் கை. ப்ரொனேட்டர் அதைக் கவிழ்ப்பது. பிரசாதம் வாங்கும் கை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்; "பிர" என்று ஆரம்பிப்பதால் ப்ரொனேட்டரோடு போய் ஒட்டிக்கொள்ளும். விபூதியே போதும்.

நோயின் பெயர்களில் கடைசிப் பகுதியிலிருந்து படித்து வர வேண்டும். ஆல்ஜியா வலி, ஐடிஸ் அழற்சி, பதி நோய், அஸ்தீனியா பலவீனம், லைசிஸ் சிதைந்து கரைவது. முன்னால் மயோ சேர்த்தால் தசை. மயால்ஜியா தசைவலி, மயோசைடிஸ் தசை அழற்சி. ராப்டோமயோலைசிஸ் என்பதைப் பின்னாலிருந்து பிரித்தால், தசை சிதைவது. ராப்டோ என்பது எலும்போடு சேர்ந்த வரித்தசையைக் குறிக்கிறது. விபத்தில் நசுங்கினாலோ, உடம்பு பழகாத அளவு கடும் பயிற்சி செய்தாலோ, சில மருந்துகளாலோ தசை சிதைந்து, அதிலுள்ள பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போகும், ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவு மிக அதிகமாக ஏறும். ஜிம்முக்குப் புதிதாகப் போகிற தம்பிகள் இந்த ஒரு சொல்லையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சதைவலியோடு சிறுநீர் அந்த நிறத்தில் போனால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

ட்ரோபி என்றால் ஊட்டம், வளர்ச்சி. ஏட்ரோபி என்றால் மெலிந்து போவது. ஹைப்பர்ட்ரோபி பருப்பது. டிஸ்ட்ரோபி கோளாறாகிச் சிதைவது. இந்தக் கடைசியில் நின்று கொஞ்சம் பேச வேண்டும். டூஷேன் மஸ்குலர் டிஸ்ட்ரோபி, 1860-களில் இதை விவரித்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டூஷேனின் பெயரால் வழங்குவது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருகிற மரபணு நோய். இதில் ஒரு கொடுமை, குழந்தையின் கெண்டைக்கால் பருத்துத் தெரியும். பார்க்கிறவர்கள் பிள்ளைக்கு நல்ல பலமான கால் என்பார்கள். உள்ளே தசை அழிந்து அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைகிறது. சார்ட்டில் இதை சூடோஹைப்பர்ட்ரோபி என்று எழுதுவார்கள். சூடோ என்றால் பொய். பொய்ப் பருமன். தரையிலிருந்து எழும்போது குழந்தை கைகளைத் தன் முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி ஊன்றித் தன் மேலேயே ஏறுவது போல எழுந்தால் அதற்கு கவர்ஸ் சைன் என்று பெயர். மூன்று நான்கு வயதுப் பையன் அப்படி எழுந்தாலோ, அடிக்கடி விழுந்தாலோ, நுனிக்காலில் நடந்தாலோ சோம்பேறித்தனம் என்று திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சார்ட்டுகளில் இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஊரில் யாராவது ஒரு தாய்க்கு இது தெரியாமல் இருக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கோடிங் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மயோ என்று பார்த்ததும் ஐசிடியின் தசை அத்தியாயமான எம் வரிசைக்கு ஓடாதீர்கள். மயஸ்தீனியா கிரேவிஸ் ஜி70, மஸ்குலர் டிஸ்ட்ரோபி ஜி71. இரண்டும் நரம்பு மண்டல அத்தியாயத்தில் இருக்கின்றன. மயஸ்தீனியாவில் கோளாறு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் மாரடைப்பு, ஐ21. கர்ப்பப்பை லெயோமயோமா, நம் ஊரில் ஃபைப்ராய்ட் கட்டி என்போமே அது, டி25. லெயோ என்றால் வழவழப்பு, மயோமா என்றால் தசைக்கட்டி, கர்ப்பப்பையின் வரியற்ற தசையில் வருவது.

ஒலியில் ஒத்துப்போகிறவை தனிப் பட்டியலாக என் மேசையில் ஒட்டியிருக்கும். மயோ தசை. மயலோ தண்டுவடம் அல்லது எலும்பு மஜ்ஜை. மைகோ பூஞ்சை. மயோசைடிஸும் மயலைடிஸும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், முன்னது தசை, பின்னது தண்டுவடம். இலியம் என்ற ஒரே உச்சரிப்பில் இடுப்பெலும்பும் உண்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பெரோனியல் என்றால் கணுக்காலுக்கு மேல் வெளிப்பக்கத்துத் தசை. பெரினியல் என்றால் இரு தொடைகளுக்கும் நடுவில், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி. 1998-இல் வந்த சர்வதேச உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியல் பெரோனியஸ் என்பதற்கு முன்னால் ஃபிபுலாரிஸ் என்பதை வைத்தது. இருந்தாலும் மூத்த சர்ஜன்கள் இன்றும் பெரோனியஸ் என்றே சொல்வார்கள். ஃபிபுலாரிஸ் லாங்கஸும் பெரோனியஸ் லாங்கஸும் ஒரே தசைதான், இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

அறுவைச் சிகிச்சைச் சொற்களிலும் ஒரு அசை மாறினால் எண் மாறும். ஒடோமி வெட்டித் திறப்பது, எக்டோமி வெட்டி எடுத்துவிடுவது, ராஃபி தைப்பது, டீசிஸ் பிணைத்து நிறுத்துவது. ஃபேசியாட்டமியில் தசையைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து விடுகிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும் நிலையில் காலைக் காப்பாற்றும் அவசரச் சிகிச்சை. ஃபேசியெக்டமியில் அந்த உறையின் பகுதியை எடுத்தே விடுகிறார்கள். தோளில் பைசெப்ஸ் டீனாட்டமி என்றால் நாணை வெட்டிவிட்டார்கள், டீனோடீசிஸ் என்றால் அதை எலும்பில் வேறிடத்தில் பிணைத்தார்கள்.

ஆளின் பெயரைத் தாங்கியவற்றில் மட்டும் பிரிக்க ஒன்றுமில்லை. டி குவெர்வெய்ன் என்ற நோய்க்கு, 1895-இல் அதை விவரித்த சுவிஸ் சர்ஜனின் பெயர். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் இரண்டு தசைநாண்களின் உறை வீங்கி வலிப்பது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம் வரும். இதையெல்லாம் நெட்டுருதான் போட வேண்டும், வேறு வழியில்லை.

நம் பேச்சுச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, முக்கியமாக இங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கப்போகிற பிள்ளைகளுக்கு. சுளுக்கு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் அது இரண்டு: தசையோ, தசையை எலும்போடு கட்டும் டெண்டனோ இழுபட்டால் ஸ்ட்ரெயின், எலும்பையும் எலும்பையும் கட்டும் லிகமெண்ட் இழுபட்டால் ஸ்பிரெயின். ஸ்ட்ரெயினில் "ட்" இருக்கிறது, டெண்டனிலும் "ட" இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகளில் தசைநார் என்ற சொல் சில இடத்தில் டெண்டனையும் சில இடத்தில் லிகமெண்டையும் குறிக்கும், அதை நம்பி எழுதாதீர்கள். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று ஒரு பாட்டி சொன்னால் முக்கால்வாசி அது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டதாகத்தான் இருக்கும். "நரம்பு" என்று அப்படியே எழுதிவிட்டால் டாக்டர் வேறு திசையில் யோசிப்பார். "எங்கே இழுக்குது, கை வச்சுக் காட்டுங்க பாட்டி" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தமிழில் இதையெல்லாம் படிக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், உடற்கூறு நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நான் தேர்வையும் வேலையையும் ஆங்கிலத்தில்தான் செய்கிறேன், நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும்.

படிக்கிற விதம் பற்றிக் கேட்பார்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பிரித்த தமிழ், கீழே அந்தத் தசை எந்த அசைவில் புடைக்கிறது என்று ஒரு வரி. பல்லைக் கடித்தால் தாடையில் மாசெட்டர். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட வைத்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் நிமிர்கிற நாண் பால்மாரிஸ் லாங்கஸ். அது சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் அரைமணி நேரம் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரைமணி நேரம் வீண் இல்லை. கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ் தேர்வில் 100 கேள்விகளுக்கு 4 மணி நேரம். கோட் புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஆரம்பிக்கிறவர்கள் தோளில் ஆரம்பியுங்கள். சார்ட்டில் அடிக்கடி வருவதும் அதுதான், கையால் தொட்டுப் பார்க்க எளிதானதும் அதுதான். அதை முடித்துவிட்டு முன்கை, அப்புறம் தொடை, பிறகு கெண்டைக்கால். முகத்துத் தசைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலேக்வே நேசை என்று ஒன்று காத்திருக்கும். அதற்குள் உங்களுக்கே பிரிக்கத் தெரிந்திருக்கும்: தூக்குவது, உதட்டை, மேல் உதட்டை, கூடவே மடலையும், மூக்கின் மடலை.